ஆதார்ல வேற வேற அட்ரஸ் இருந்தா மாமல்லபுரத்துல ரூம் குடுப்பாங்களா?

பல்லாவரத்துலேருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. கல்யாணம் ஆகி எட்டு மாசம், ரெண்டு பேருக்கும் ஷிப்ட் வேலை, ஒரு சனி ஞாயிறு மாமல்லபுரம் போய் சும்மா படுத்துக் கிடந்துட்டு வரணும்னு ஆசை. ஆனா இவங்க ஆதார்ல இன்னும் அப்பா பேரும் மதுரை அட்ரஸும்தான் இருக்கு, வீட்டுக்காரர் ஆதார்ல பல்லாவரம். ரூம் போட்டுத் தர்றேன்னு போன்ல பேசின ஆளு "ஒண்ணு லோக்கல் ஐடி, ஒண்ணு வேற ஊர் ஐடி, உள்ளயே விடமாட்டான், போலீஸ் செக்கிங் வேற இருக்கு, 1,500 எக்ஸ்ட்ரா போடுங்க நான் பேசிக்கறேன்"னு சொல்லிருக்கார். மேரேஜ் சர்டிபிகேட் எடுத்துட்டுப் போகணுமா, நிஜமாவே ரூம் தரமாட்டாங்களான்னு கேக்கறாங்க.

தருவாங்கமா. மொதல்ல அந்த நம்பரை பிளாக் பண்ணுங்க.

புருஷன் பொண்டாட்டி ஆதார்ல ஒரே அட்ரஸ் இருந்தாத்தான் ரூம்னு எந்தச் சட்டத்துலயும் கிடையாது. கல்யாண சர்டிபிகேட் காட்டணும்னும் கிடையாது. கல்யாணமே ஆகாத ரெண்டு மேஜர் ஆனவங்க ஒரே ரூம்ல தங்கறதத் தடுக்க சட்டம் இல்லன்னு 2019 டிசம்பர்ல சென்னை ஹைகோர்ட்டே சொல்லிருச்சு, கோயமுத்தூர்ல இதையும் ஒரு காரணமாக் காட்டி ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட்டுக்கு சீல் வச்ச கேஸ் அது. அப்ப தாலி கட்டின நீங்க எதுக்கு பயப்படணும்? ஓட்டல்காரருக்கு வேண்டியது தங்கற ஒவ்வொருத்தருக்கும் போட்டோவும் அட்ரஸும் உள்ள ஒரு அடையாள அட்டை, ரிஜிஸ்டர்ல எழுத. ஆதார், லைசென்ஸ், பாஸ்போர்ட், வோட்டர் ஐடி எது வேணா இருக்கலாம். பான் கார்டை மட்டும் நம்பிப் போகாதீங்க, அதுல அட்ரஸ் கிடையாது, கவுன்டர்ல திருப்பிக் குடுத்துருவாங்க. ஆதார் நம்பர் முழுசா காட்ட இஷ்டமில்லன்னா கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியற மாஸ்க்டு ஆதார் டவுன்லோட் பண்ணிக்கலாம், சில இடத்துல அதுக்கும் முறைப்பாங்க.

லோக்கல் ஐடி விஷயம் மட்டும் பாதி நிஜம். உள்ளூர் அட்ரஸ் உள்ளவங்களுக்கு ரூம் இல்லங்கறது சட்டம் இல்ல, சில ஓட்டல்காரங்க அவங்களா வச்சிக்கிட்ட ரூல். இதுல கூத்து என்னன்னா 2019ல காஞ்சிபுரத்தப் பிரிச்சு செங்கல்பட்டு மாவட்டம் ஆக்கினாங்க இல்லையா, பல்லாவரமும் அதுல, மாமல்லபுரமும் அதுல, அதனால ஒன்றரை மணி நேரம் டிராபிக்ல வண்டி ஓட்டிட்டு வர்ற நீங்க கம்ப்யூட்டர் பார்வையில உள்ளூர்க்காரங்க! கவுன்டர்ல இருக்கற பையன்கிட்ட நின்னு வாதாடிப் பிரயோஜனமில்ல, மேனேஜர் சொன்னத அவன் சொல்றான். அதனால புக் பண்றதுக்கு முன்னாடியே ஓட்டலுக்கு நேரா போன் போட்டு "நாங்க ஹஸ்பெண்ட் அண்ட் வைஃப், ஒருத்தர் ஐடி பல்லாவரம், ஒருத்தர் ஐடி மதுரை, ஓகேவா"ன்னு ஒரே மூச்சுல கேட்டுருங்க. ஓகேன்னா அதையே வாட்ஸ்அப்லயோ மெயில்லயோ ஒரு வரி எழுதி வாங்கிக்கங்க. இல்லன்னு சொன்னா அடுத்த ஓட்டல், அந்த ஊர்ல ஓட்டலுக்கா பஞ்சம். கல்யாண போட்டோ ரெண்டு போன்ல இருக்கட்டும், கல்யாணத்த ரிஜிஸ்டர் பண்ணிருந்தா அந்த சர்டிபிகேட் போட்டோவும். காட்டணும்னு இல்ல, பேச்சு நீளாம முடியும், அவ்ளோதான்.

இப்ப அந்த புரோக்கர் கதைக்கு வர்றேன், ஏன்னா எனக்கு வர்ற கேள்வில பாதி இவனுங்களாலதான். மேப்ல ஓட்டல் பேரப் போட்டுத் தேடுனா வர்ற போன் நம்பர் எல்லாம் ஓட்டலோடதுதான்னு நினைக்காதீங்க, அத எவன் வேணா மாத்தச் சொல்லி எடிட் போடலாம். அச்சு அசலா ஓட்டல் மாதிரியே வெப்சைட்டும் போட்டு வச்சிருக்கானுங்க. பேச்சு எப்பவும் ஒண்ணுதான், வீக்கெண்டு ஃபுல் சார், கடைசி ஒரு ரூம் இருக்கு, அட்வான்ஸ் இப்பவே ஜிபே பண்ணா பிளாக் பண்றேன். பணம் போடறப்ப ஸ்கிரீன்ல வர்ற பேரப் பாருங்க, ஓட்டல் பேரு வராம எவனோ தனி ஆள் பேரு வந்தா அங்கயே நிறுத்துங்க. ரூம் கேன்சல் ஆயிருச்சு ரீஃபண்டு அனுப்பறேன் க்யூஆர் ஸ்கேன் பண்ணி பின் போடுங்கன்னு சொன்னா அது முழுத் திருட்டு, பணம் வாங்கறதுக்கு பின் நம்பர் போடவே வேணாம். ஏமாந்துட்டா அன்னிக்கே 1930க்கு அடிங்க, ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் பணம் கைமாறிப் போயிரும்.

சில ஓட்டல்காரங்களும் ஒரு வேலை பண்றானுங்க. 4,000 ரூபா ரூமுக்கு 12 பர்சன்ட் ஜிஎஸ்டின்னு 480 கேப்பான். 2025 செப்டம்பர் 22லேருந்து 7,500 ரூபா வரைக்கும் உள்ள ரூமுக்கு 5 பர்சன்ட்தான், அதாவது 200. அதுக்கு மேல போனாத்தான் 18. பில்லுல ஜிஎஸ்டி நம்பர் இருக்கான்னு பாருங்க, பில்லே தரமாட்டேன்னா டாக்ஸும் தரவேணாம். அரசாங்கம் வரியக் குறைச்சு ஒரு விளம்பரம் குடுக்கறதோட சரி, கவுன்டர்ல எவன் பழைய கணக்குல புடுங்கறான்னு யாரு வந்து பாக்கறா.

"பிரைவேட் பீச்"னு எக்ஸ்ட்ரா கேட்டாலும் நம்பாதீங்க. கடற்கரை மணல் பொதுச்சொத்து, ரிசார்ட் வழியா போற பாதைதான் அவங்களோடது. கடல்ல கால் நனைக்கறதோட நிறுத்துங்க, அங்க இழுப்பு ஜாஸ்தி.

ஒரு விஷயம் உங்களுக்குப் பொருந்தாது, ஆனா இதே கேள்விய மலேசியாலேருந்து மருமக வந்த வீட்லேருந்தும் கேக்கறாங்க, அதனால சொல்லிடறேன். புருஷன் பொண்டாட்டில ஒருத்தர்கிட்ட வெளிநாட்டு பாஸ்போர்ட் இருந்தா, அது இலங்கையோ சிங்கப்பூரோ எதுவா இருந்தாலும் சரி, தமிழ் பேசினாலும் சரி, இங்கயே பத்து வருஷமா குடித்தனம் பண்ணாலும் சரி, ஓட்டல்காரர் 24 மணி நேரத்துக்குள்ள, வெளிநாட்டுக்காரர் தங்கியிருக்கார்னு அரசாங்கத்துக்குச் சொல்ற ஒரு ஃபார்ம, சி ஃபார்ம்னு சொல்வாங்க, ஆன்லைன்ல போட்டே ஆகணும். அதுக்கு பாஸ்போர்ட், விசா ரெண்டும் கேப்பாங்க, போன்ல இருக்கற காப்பி பத்தாது, ஒரிஜினல் கைல இருக்கணும். சின்ன லாட்ஜ்ல அந்த சைட்டுக்கு லாகினே இருக்காது, அதனால ரூம் இல்லன்னு பொய் சொல்லி அனுப்பிருவாங்க, நாம நம்ம மூஞ்சியப் பாத்துத்தான் தரலன்னு நினைச்சு சண்டைக்கு நிப்போம். போன்ல கேக்கறப்பவே "ஃபாரின் பாஸ்போர்ட் எடுப்பீங்களா, சி ஃபார்ம் போடுவீங்களா"ன்னு கேளுங்க, புரியாம முழிச்சா அந்த இடம் வேணாம். இது நிஜமாவே சட்டம், இதுல மட்டும் ஓட்டல்காரர் மேல தப்பில்ல.

உங்க விஷயத்துக்கு வர்றேன். நிம்மதியா கிடக்கணும்னா சனி ஞாயிறு போகாதீங்கமா, ஷிப்ட் வேலைதானே, ஞாயிறு மத்தியானத்துக்கு மேல கெளம்புங்க. ஊரே ஈசிஆர்ல சென்னைக்குத் திரும்பும், நீங்க எதிர்ப்பக்கம் காலி ரோட்டுல போவீங்க, ரூம் ரேட்டும் எறங்கியிருக்கும். பஸ்னா தாம்பரத்துலேருந்து 515 இருக்கு. திங்கக்கிழமை முதலைப் பண்ணை லீவு, பழைய காலத்து வீடுகளக் காட்டற தட்சிணசித்ரா மியூசியம் செவ்வாய்க்கிழமைதான் லீவு, அதனால திங்கக்கிழமை திரும்பி வர்ற வழியில முட்டுக்காட்டுல அத மட்டும் பாத்துட்டு வரலாம். கடற்கரைக் கோயிலுக்குக் காலைல ஆறு மணிக்கே போயிருங்க, 40 ரூபா டிக்கெட், அதே டிக்கெட்ட அன்னிக்கே பஞ்ச ரதத்துலயும் காட்டலாம், தூக்கிப் போட்டுறாதீங்க. கேட்டாண்ட வந்து நிக்கற கைடுகிட்ட டூரிசம் டிபார்ட்மென்ட் அடையாள அட்டை இருக்கான்னு கேளுங்க, ரேட்ட முன்னாடியே பேசுங்க, "ஒரு சிற்பக் கடை மட்டும் பாத்துட்டுப் போலாம்"னு ஆட்டோக்காரர் சொன்னா அது அவரோட கமிஷன்.

செக்-அவுட் காலைல எத்தன மணின்னு மட்டும் மறக்காம கேட்டுக்கங்க, நீங்க மத்தியானம் மூணுக்கு உள்ள போனாலும் நிறைய இடத்துல மறுநாள் பத்துக்கே கதவத் தட்டுவாங்க.