உச்சி வெயில் கோடு: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்குப் பாம்பன் பக்கம். வயது 25. அப்பா விசைப்படகில் போகிறார். படிப்பு முடிந்ததும் நானும் இரண்டு வருடம் கூடப் போனேன். இப்போது கடல், மீன் என்று வீடியோ போட்டு ஓரளவு சம்பாதிக்கிறேன். பிரச்சினை என் முகம்தான். எடிட் செய்ய உட்கார்ந்தால் மூக்கோரத்திலிருந்து வாய்வரை இறங்கும் இரண்டு கோடுகள்தான் கண்ணில் படுகின்றன. கண் ஓரத்திலும் வரி. “அண்ணே, உங்களுக்கு எத்தனை பிள்ளை?” என்று கேட்கிறார்கள். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. மதுரையில் ஒரு தோல் டாக்டரிடம் விசாரித்தேன். ஃபில்லர், அதாவது கோட்டை நிரப்பும் ஜெல் ஊசி, போடலாம், ஒரு சிரிஞ்சு 20,000 ரூபாய், இரண்டு வேண்டியிருக்கும் என்றார். ராமநாதபுரத்தில் ஒரு பார்லரில் ஊசியே இல்லாமல் பேனா மாதிரி ஒன்றை வைத்து 6,000 ரூபாய்க்குச் செய்கிறார்களாம். போடலாமா? ஆம்பளைப் பையன் இதையெல்லாம் கேட்கலாமா என்றும் தெரியவில்லை. என் வீடியோ இணைப்பை அனுப்பியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

தாராளமாகக் கேட்கலாம். மாதம் ஒருமுறை கதவைச் சாத்திக்கொண்டு தலைக்கு டை அடிக்கிற ஆள் நான். காது மடலில் ஒட்டிய கறுப்பைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல வெளியே வருவேன். உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி குறைவு.

ஆனால் அந்தப் பார்லர் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். அந்தப் பேனா அதிக அழுத்தத்தில் ஜெல்லைத் தோலுக்குள் பீய்ச்சுகிறது. எவ்வளவு ஆழம் போகும், எங்கே போய் நிற்கும் என்பது பிடித்திருப்பவர் கையில் இல்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021லேயே இதை வேண்டாம் என்று எச்சரித்துவிட்டது. 6,000 ரூபாய் என்பதுதான் அதில் இருக்கிற ஒரே நல்ல விஷயம்.

நீங்கள் அனுப்பிய வீடியோக்களில் நாலைந்தைப் பார்த்தேன். எல்லாமே படகு கரைக்கு வந்தபிறகு, உச்சி வெயிலில், கை நீளத்தில் ஃபோனைப் பிடித்து எடுத்தவை. நேர் மேலே சூரியன் நிற்கும்போது கன்னத்து மேட்டின் நிழல் அந்த மடிப்புக்குள்தான் விழும். போதாததற்கு ஃபோன் பக்கத்தில் இருக்கிறது. 12 அங்குலத்தில் பிடித்தால் மூக்கின் அடிப்பகுதி ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் மருத்துவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். சந்தேகமாக இருந்ததால் நானே கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஒரு நாள் காலை ஆறரைக்கும் பகல் பன்னிரண்டுக்கும் வாசலில் நின்று பார்த்தேன். காலையில் எனக்கு ஐம்பது வயது. பகலில் பார்த்த ஆளுக்கு வயது சொல்ல மாட்டேன்.

அப்புறம், ஒரு வீடியோவில் உங்கள் அப்பா ஓரமாக உட்கார்ந்து வலையில் சிக்கு எடுக்கிறார். அவர் வாயோரத்திலும் அதே கோடு, அதே சாய்வு. மூக்கோர மடிப்பில் முக வாகுக்கும் பங்கு உண்டு. சிரித்தால் குழந்தைக்குக்கூட விழும். சும்மா இருக்கும்போதும் உங்களுக்குத் தெரிகிறதா, சிரிக்கும்போது மட்டுமா என்பதைப் பாருங்கள். சிரிக்கும்போது மட்டும் விழுகிற கோட்டை நிரப்பப் போனால் முகம் உப்பிப்போகும். கண் ஓரத்து வரி வேறு கதை. அது வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி வருவது. அதற்குப் பெரும்பாலும் போடாக்ஸ்தான் போடுவார்கள். ஃபில்லர் இடத்தை நிரப்பும், போடாக்ஸ் தசையை அசையவிடாமல் பிடித்துவைக்கும். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு பலர் போகிறார்கள்.

சின்னப்பாலத்தில் என் சின்னம்மா ஒருத்தி கடல்பாசி எடுக்கப் போவாள். கடலில் இறங்குமுன் அவள் தயாராவதைப் பார்க்க வேண்டும். பாறை கிழிக்காமல் இருக்க ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகத் துணிச்சுருள். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை. காலுக்குச் செருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி. முகத்துக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. ஐம்பத்திரண்டு வயதில் அவளைப் பார்த்தவர்கள் எழுபது என்பார்கள். 2012இல் ஒரு மருத்துவ இதழில் ஓர் அமெரிக்க லாரி ஓட்டுநரின் படம் வந்தது. 28 வருடம் ஓட்டியவர். ஜன்னல் பக்கம் வெயில் பட்ட இடது கன்னம் மட்டும் தடித்து, வரி வரியாகத் தொங்கும். வலது கன்னம் வேறு ஆளுடையது போல இருக்கும். அவருக்காவது ஒரு பக்கம்தான். நமக்கு மேலேயிருந்தும் வெயில், கீழேயிருந்தும் வெயில். புறஊதாக் கதிரில் காய்ந்த மணல் 15 சதவீதத்தையும் அலை நுரை 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகிறது. தொப்பி போட்டாலும் தாடையில் அடிக்கும்.

அதனால் ஃபில்லர் போட்டாலும் போடாவிட்டாலும் சன்ஸ்கிரீன் வேண்டும். டப்பாவில் போட்டிருக்கும் வெயில் தடுப்பு அளவு, அதாவது எஸ்.பி.எஃப்., 30க்குக் குறையாமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம். உப்புத்தண்ணீரும் வியர்வையும் அதை இருக்கவிடாது. நல்ல கூலிங் கிளாஸ் ஒன்றும் வாங்குங்கள். கண் சுருக்குவது பாதி நிற்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் போடத்தான் வேண்டும் என்றால், சரி. வயது தடையில்லை, எஃப்.டி.ஏ. வைத்திருக்கும் வரம்பே 22தான். பொதுவாகப் போடுவது ஹயலூரோனிக் அமில ஜெல். நம் தோலிலும் மூட்டிலும் இருக்கிற அதே பொருள், தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடத்துக்குள் கரைந்துவிடும். ஆகவே 40,000 ரூபாய் ஒருமுறைச் செலவு இல்லை, சந்தா.

நான் பயப்படுவது பணத்துக்கு இல்லை. அபூர்வமாக ஜெல் ரத்தக் குழாய்க்குள் போய்விடும். தோல் வெளுத்து, திட்டுத்திட்டாக நிறம் மாறி, வலிக்கும். கண்ணுக்குப் போகும் குழாயில் அடைத்தால் பார்வையே போகும். தோலில் அடைத்தால் ஹயலூரோனிடேஸ் என்ற மருந்தைச் சில மணி நேரத்துக்குள் போட்டுக் கரைக்க வேண்டும். அந்த நேரம் நீங்கள் கடலில் இருந்தால்? “இந்த மருந்து உங்கள் கையிருப்பில் இருக்கிறதா, ராத்திரி கூப்பிட்டால் எடுப்பீர்களா?” என்று மதுரை டாக்டரிடம் கேளுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். சிரிஞ்சு உங்கள் கண் முன்னால் பிரிக்கப்பட வேண்டும், பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஊசி போட்ட ஒன்றிரண்டு நாள் வெயிலும் கடும் வேலையும் கூடாது. வீக்கமும் கன்றலும் ஒரு வாரம்கூட இருக்கலாம். எனவே மீன்பிடித் தடைக்காலம் வரட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் படகு எப்படியும் கரையில்தான். அதுவரை வீடியோவைக் காலை வெயிலில், ஃபோனைத் தள்ளி ஸ்டாண்டில் வைத்து எடுங்கள். அப்போதும் அந்தக் கோடு கண்ணை உறுத்தினால் மே மாதம் மதுரைக்கு பஸ் ஏறுங்கள். அம்மாவிடம் சொல்லிவிட்டே ஏறுங்கள், வீங்கிய முகத்தோடு வீட்டுக்குத்தானே வரவேண்டும்.

இன்னொன்று. கடைசி வீடியோவில் அந்தப் பெரிய சீலா மீனைத் தராசில் வைத்தீர்கள், ஏலம் தொடங்கியதும் கேமராவை உங்கள் பக்கம் திருப்பிவிட்டீர்கள். எவ்வளவுக்குப் போனது?