அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றங்களின் பட்ஜெட் யார் கையில்?

இப்போது நீதிமன்றங்களின் கையில்தான். கட்டுரைக்காகப் படிக்கும்போது ஒரு புத்தகம் அட்டர்னி ஜெனரலின் துறை (அரசின் தலைமை வழக்கறிஞர் நடத்தும் நீதித்துறை) என்கிறது, இன்னொன்று நீதிமன்றங்களுக்கே உரிய நிர்வாக அலுவலகம் என்கிறது என்று குழம்பியிருக்கிறீர்கள். முதல் புத்தகம் பெரும்பாலும் 1939-க்கு முந்தைய நிலையைச் சொல்கிறது.

அதுவரை கீழ் நீதிமன்றங்களின் செலவுக் கணக்கெல்லாம் அட்டர்னி ஜெனரலின் துறையிடம் இருந்தது. யோசித்துப் பாருங்கள், அரசுத் தரப்பில் வழக்காடுகிற அதே துறைதான் தீர்ப்புச் சொல்லும் நீதிமன்றத்தின் செலவையும் பார்த்துக்கொண்டிருந்தது, இது அடிப்படையிலேயே தப்பு. 1937-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகளின் எண்ணிக்கையைக் கூட்ட அதிபர் ரூஸ்வெல்ட் போட்ட திட்டம் தோற்றபின் சீர்திருத்தப் பேச்சு நீதிமன்ற நிர்வாகத்தின் பக்கம் திரும்பியது. 1939 ஆகஸ்டில் அவரே கையெழுத்திட்ட சட்டம் தனி நிர்வாக அலுவலகத்தையும் வட்டார நீதிக்குழுக்களையும் (அந்தந்த வட்டார நீதிபதிகளின் குழுக்கள்) உருவாக்கியது.

சரிபார்க்க, ஃபெடரல் சட்டத் தொகுப்பின் 28-ஆம் தலைப்பில் 601 முதல் 605 வரையிலான பிரிவுகளைப் படியுங்கள். அப்புறம் 31-ஆம் தலைப்பில் 1105-ஐயும் பாருங்கள்: நீதிமன்றங்கள் கேட்கும் தொகையை அதிபர் மாற்றாமல் அப்படியே பட்ஜெட்டில் சேர்க்க வேண்டும்.

ஆனால் கேட்டதெல்லாம் கிடைத்துவிடாது, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் வெட்டலாம். உச்ச நீதிமன்றத்தின் பட்ஜெட் தனி. நீதிமன்றங்களுக்குப் பாதுகாப்புத் தரும் மார்ஷல்கள் இன்றும் அட்டர்னி ஜெனரலின் துறையில்தான் இருக்கிறார்கள், அதையும் உங்கள் கட்டுரையில் தனியாகக் குறிப்பிடுங்கள்.