கடலோரத்தில் ஒரு குட்டிக் கார்: வாசகர் கேள்வி-பதில்

கீழக்கரை வாசகர்: 2014-ஆம் ஆண்டின் மாருதி ஸ்விஃப்ட் வி.எக்ஸ்.ஐ. பெட்ரோல் காரை செகண்ட்ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். துபாயில் இருக்கும் காக்கா (அண்ணன்), "உன் விருப்பப்படி மாடிஃபை செய்துகொள்" என்று ஒரு லட்சம் ரூபாய் அனுப்பியிருக்கிறார். கார்ப் பித்துப் பிடித்த என் கூட்டாளிகள் எல்லோரும் "முதலில் சைலன்ஸரை மாற்று, ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்து" என்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது, ஐயா?

பதில்: காரை லிஃப்டில் ஏற்றி அதன் அடிவயிற்றைப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். கூட்டாளிகளுக்கு இது சப்பென்று இருக்கும். ஆனால் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காலையில் கார்க் கண்ணாடியைத் தொட்ட விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும் என்பது கீழக்கரைக்காரரான உங்களுக்குத் தெரியாததல்ல. உலோகங்கள் எப்படி அரிக்கின்றன என்று பார்ப்பதற்காகவே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது என்றால், நம் கரையோரக் காற்றின் தரத்தைப் புரிந்துகொள்ளலாம். 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தில் அரிப்பு முற்றியதால் 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கப்பட்ட பிறகுதான் ராமேசுவரத்துக்கு மறுபடி ரயில் போனது. ஓயாமல் பெயிண்ட் அடித்துக் காத்த பாலத்துக்கே அந்தக் கதி என்றால், முன்னவர் எங்கே நிறுத்தி வைத்திருந்தார் என்றே தெரியாத காரின் தகட்டை நம்பி அதன் மேல் ஒரு லட்சத்தைக் கொட்டலாமா?

ஜாக்கி வைக்கும் விளிம்பு, பின்பக்க ஷாக் அப்சார்பர் பாடியோடு சேரும் இடம், பிரேக் குழாய்கள், பேட்டரியின் எர்த் ஒயர் பாடியில் பிணைந்திருக்கும் போல்ட், கதவுகளின் அடியில் தண்ணீர் வடியும் சிறு துளைகள் ஆகிய இவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். துளைகள் மணலால் அடைபட்டிருந்தால் உள்ளே தேங்கும் ஈரம் கதவை உள்ளிருந்தே தின்றுகொண்டிருக்கும். துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே கறுப்புக் கோட்டிங் அடித்துக் கொடுக்கும் பட்டறைகள் உண்டு. அடுத்த கோடையில் அந்தக் கோட்டிங் துருவோடு சேர்ந்து பொருக்காக உதிரும். சுரண்டி, கழுவி, காயவைத்து, பிரைமர் அடித்த பிறகே கோட்டிங் என்று கறாராகச் சொல்லுங்கள்.

அடுத்தது டயர், இங்குதான் உங்கள் பணம் கையில் உணரும்படி பேசும். உங்கள் வி.எக்ஸ்.ஐ. 165/80 ஆர்14 டயரோடு வந்தது (அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச் சுவர் அதில் 80 சதவீதம், உள்ளே பொருந்தும் சக்கரம் 14 அங்குலம்). அதே காரின் இசட்.எக்ஸ்.ஐ. வகைக்கு நிறுவனமே 185/65 ஆர்15 கொடுத்தது. கணக்குப் போட்டால் முதலாவதன் வெளி விட்டம் ஏறத்தாழ 620 மில்லிமீட்டர், இரண்டாவதன் விட்டம் 622; ஆகவே ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, மட்கார்டிலும் உரசாது. 195/55 ஆர்16 போட்டாலும் விட்டம் 621 தானே என்று உங்கள் கூட்டாளிகள் வாதிடுவார்கள், கணக்கும் அவர்கள் பக்கமே இருக்கும். ஆனால் டயரின் பக்கச் சுவர் 132-லிருந்து 107 மில்லிமீட்டராகக் குறைகிறது. எச்சரிக்கைப் பலகையோ வெள்ளைக் கோடோ இல்லாத வேகத்தடை நம் பக்கத்து ஊர்ச் சாலைகளில் எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். என் வாக்கு 15 அங்குலத்துக்கே.

அலாய் வீல் வாங்கும்போது நான்கு போல்ட் துளைகளின் வட்டம் 100 மில்லிமீட்டரா என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். ஸ்விஃப்டின் ஹப் (சக்கரத்தைத் தாங்கும் நடுப்பகுதி) 54.1 மில்லிமீட்டர், கடையில் கிடைக்கும் பல அலாய்களின் நடுத்துளை அதைவிடப் பெரிது என்பதால், இடைவெளியை நிரப்பும் வளையம் இல்லாமல் மாட்டினால் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கக்கூடும். மேலும் இரும்பும் அலாயின் அலுமினியமும் உப்பு நீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்து இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பஞ்சரான அன்று அலாயைச் சுத்தியலால் அடித்துக் கழற்ற நேரிடும். ஹப்பில் படியும் முகத்தில் மட்டும் மெல்லிய கிரீஸ் பூசச் சொல்லுங்கள், நட்டின் மரையில் வேண்டாம்.

மிச்சப் பணத்தில் நல்ல பிரேக் பேட், புதிய டாட் 4 தரப் பிரேக் ஆயில், நான்கு புதிய ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங்கை ஒருபோதும் வெட்ட வேண்டாம். வெட்டிய ஸ்பிரிங், சக்கரம் முழுதாகத் தொங்கும் நேரத்தில் தன் இருக்கையை விட்டு நழுவக்கூடும், ஷாக் அப்சார்பரும் அந்த விறைப்புக்கு ஏற்றதாக இராது. சைலன்ஸர் கடைசி. காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத 1197 சி.சி. எஞ்சினில் அது சத்தத்தைக் கூட்டும், சக்தியைக் கூட்டுவதாக உங்களை நம்பவும் வைக்கும்.

மண்டபம் வாசகர்: சைலன்ஸரை மாற்றியதற்காக என் நண்பரின் காரை வாகனச் சோதனையில் பிடித்துவிட்டார்கள். கடையில் பில் போட்டு விற்கும் பொருளை மாட்டினால் அது எப்படிக் குற்றமாகும்?

பதில்: விற்பது வேறு, மாட்டுவது வேறு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் பதிவான விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தத்தால் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதை நண்பரிடம் அழுத்திச் சொல்லுங்கள். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கழற்றியிருந்தால் புகைச் சான்றிதழிலும் சிக்கல் வரும். காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்து நாளில் இழப்பீட்டை மறுக்க அவர்கள் கையில் நாமே கொடுத்த காரணமாகிவிடும்.

ராமநாதபுரம் வாசகர்: என்னிடம் இருப்பது 2016-இன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. ஸ்டேஜ் 1 ரீமேப்பும் கோன் ஏர் ஃபில்டரும் போடலாமா?

பதில்: டர்போ எஞ்சினுக்கு ரீமேப், அதாவது எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றி எழுதுவது, உண்மையிலேயே பலன் தரும் என்பதை மறுக்க மாட்டேன். உங்கள் காரின் முறுக்குவிசை 175 நியூட்டன் மீட்டர். ரீமேப்புக்குப் பிறகு 200-ஐத் தாண்டுவது வழக்கம். அதிலுள்ள ஏழு கியர் டி.எஸ்.ஜி. (இரட்டைக் கிளட்ச் தானியங்கி) பெட்டியின் தாங்குதிறன் 250 என்பதால் கணக்கில் இடம் இருக்கிறது. கிளட்ச் எண்ணெயில் மூழ்காத உலர் வகை என்பதால், பேருந்து நிலைய நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து அதைச் சூடாக்குபவர் நீங்கள் என்றால் அந்த இடமும் குறுகிவிடும். ரீமேப் செய்பவர் 95 ஆக்டேன் (எஞ்சின் தட்டாமல் எரியும் தன்மையின் அளவு) பெட்ரோலுக்கு எழுதிய மேப்பை ஏற்றிவிட்டால், நீங்கள் எப்போதும் 95 போட வேண்டும். அதைவிடக் குறைந்த ஆக்டேன் போட்டால் எஞ்சின் தட்டும், அதை உணர்ந்த கணினி இக்னிஷன் நேரத்தைப் பின்னிழுத்துக்கொள்ளும், கொடுத்த பணத்தின் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும்.

கோன் ஃபில்டர் வேண்டாம். இளவயதில் நானும் என் பழைய காரில் ஒன்றை மாட்டி, அதன் உறிஞ்சல் சத்தத்தில் மயங்கி ஒரு கச்சான் பருவம் முழுவதும் ஓட்டினேன். பிறகு கழற்றிப் பார்த்தபோது ஃபில்டரைத் தாண்டிய குழாயின் உட்சுவரில் மாவு போல மணல் படிந்திருந்தது. பானட்டுக்குள் திறந்தவெளியில் நிற்கும் கோன், மணலோடு எஞ்சினின் சூடான காற்றையும் சேர்த்து இழுக்கிறது. நிறுவனத்தின் பெட்டிக்குள் புதிய காகித ஃபில்டரை வைத்து, நிறுவனம் சொன்ன காலத்தில் பாதிக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

தொண்டி வாசகி: ஐ20 என் லைன் ஓட்டுகிறேன். ஞாயிறு விடியலில் தனுஷ்கோடி வரை செல்லும் கார் ஆர்வலர் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். அதில் பெண் நான் ஒருத்திதான். அரிச்சல்முனைச் சாலையில் "ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்கலாம்" என்கிறார்கள். மறுத்தால் பயந்தவள் என்பார்களோ என்று தயங்குகிறேன்.

பதில்: சொல்லிவிட்டுப் போகட்டும். இரு பக்கமும் கடல் கிடக்கும் அந்த நேர்சாலை பார்ப்பதற்கு ஓடுதளம் போலத்தான் இருக்கிறது. 2017-இல் அது திறந்த நாள் முதல் இந்த ஆசை பலரையும் பிடித்து ஆட்டுகிறது. ஆனால் காற்று அள்ளிப் போடும் மணல் தாரின் மேல் மெல்லிய படலமாகக் கிடக்கும் இடங்களில் டயர் தாரைத் தொடுவதே இல்லை. உருளும் மணல்மணிகளின் மேல், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் தன் வேலையைச் செய்தும் கார் நிற்கும் தூரம் நீண்டுகொண்டே போகும். விடியலில் அங்கே வலையோடு நடந்து வரும் மீனவர்களும் சாலையோரம் படம் பிடிக்கும் யாத்திரிகர்களும் இருப்பார்கள். பொதுச் சாலைப் பந்தயம் 189-ஆவது பிரிவின்படி குற்றம் என்பதைக் குழுவின் மூத்தவரிடம் நீங்களே நினைவூட்டலாம்.

இழுத்துப் பார்க்க இடம் இருக்கிறது. உங்கள் கார் பிறந்த தொழிற்சாலை உள்ள இருங்காட்டுக்கோட்டையிலேயே, 1990-இல் திறக்கப்பட்ட 3.7 கிலோமீட்டர் பந்தயத் தடம் இருக்கிறது. கோவை செட்டிப்பாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டலாம் என்று அறிவிக்கப்படும் நாளில் குழுவாகப் பதிவு செய்யுங்கள். உங்கள் காரின் 120 குதிரைத் திறன் எவ்வளவு என்பது முதல் வளைவில் பிரேக் மிதிக்கும்போதுதான் புரியும். போவதற்கு முன் பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள். ஈரம் உறிஞ்சிய பழைய ஆயில் அங்கே நாலைந்து சுற்றில் கொதித்து, பெடல் பஞ்சு போலாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தை விட வேண்டாம். புதிதாக ஓட்டுபவரை வரிசையில் இரண்டாவதாக வையுங்கள், கடைசியில் வைத்தால் அவர் பிடிப்பதற்காகப் பறப்பார். பாம்பன் சாலைப் பாலத்தில் படத்துக்காக ஒருவரும் நிறுத்த வேண்டாம்.

சாயல்குடி வாசகர்: கடற்கரைக்குப் போய்வந்தால் உப்புப் போகக் காரைக் கழுவ வேண்டும் என்கிறார்கள். எங்கள் வீட்டுப் போர் தண்ணீரே உப்பாயிற்றே?

பதில்: நியாயமான கேள்வி. தெருவில் குடத்தோடு காத்திருப்பவர்களின் கண் முன்னே காவிரிக் குடிநீரைக் காரில் ஊற்றச் சொல்ல எனக்கு மனம் வராது. போர் தண்ணீரில் மணலையும் சேற்றையும் போக்கிவிட்டு, கூரையிலிருந்து பிடித்துவைத்த மழைநீர் இரண்டு வாளியை மட்டும் கடைசிக் கழுவலுக்கு, அதுவும் சக்கரத்துக்கு மேலுள்ள குழிக்கும் அடிப்பக்கத்துக்கும் பயன்படுத்துங்கள்; மேற்பரப்புக்கு அதில் நனைத்துப் பிழிந்த துணியே போதும். ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீரைச் சிலர் சேர்த்துவைத்துக் கார் கழுவுகிறார்கள். அது போர் தண்ணீரைவிடவும் உப்பு மிகுந்தது.