வெளியே வந்ததும் எங்கே தங்குவது?
வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகன் போதைப்பொருள் மறுவாழ்வு நிலையத்தில் இருக்கிறான். இந்து அறக்கட்டளை வாரியத்தின் ஆசிரமத்தில் இடம் கிடைக்க நாங்கள் எங்கே விண்ணப்பிப்பது?
- ஒரு தாய், ஈசூன்

பதில்: நீங்கள் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. யாரை எப்போது ஹாஃப்வே ஹவுசுக்கு (முழு விடுதலைக்கு முன் தங்கவைக்கும் இடைநிலை இல்லம்) அனுப்புவது என்பதைச் சிறைத்துறைதான் முடிவு செய்யும். மறுபடி போதைக்குத் திரும்பும் அபாயம், உள்ளே நடந்துகொண்ட விதம், வெளியே இருக்கும் ஆதரவு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். ஆசிரமம், பெர்த்தாப்பிஸ், ஜாமியா போன்ற இல்லங்கள் தொண்டூழிய அமைப்புகள் நடத்துபவை. செலாராங் இல்லத்தைச் சிறைத்துறையே நடத்துகிறது. நல்ல குடும்ப ஆதரவு உள்ளவரைச் சில வேளை மின்னணுப் பட்டையுடன் வீட்டுக்கே அனுப்பிவிடுவதும் உண்டு. அதனால் ஆசிரமம் கிடைக்காவிட்டால் மகன் தோற்றுவிட்டான் என்று எண்ண வேண்டாம்.

உங்கள் கையில் இருப்பது ஒன்றுதான்: அதிகாரி கேட்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்வது. பழைய கூட்டாளி அதே புளோக்கில் இருக்கிறான் என்றால் சொல்லிவிடுங்கள். பிள்ளை சீக்கிரம் வீடு வரட்டும் என்று பல தாய்மார்கள் இதை மறைக்கிறார்கள். வந்த பையன் லிஃப்டில் முதலில் பார்ப்பது அந்தக் கூட்டாளியைத்தான்.

இல்லத்தில் இருப்பவர்கள் பகலில் வேலைக்குப் போய், குறித்த நேரத்துக்குள் திரும்ப வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனை உண்டு. வேலை தேட, முன்னாள் கைதிகளுக்கு உதவும் மஞ்சள் நாடா சிங்கப்பூர் அமைப்பு உதவும். முதல் சம்பளம் கைக்கு வரும் வாரத்தில்தான் கூடுதல் கவனம் தேவை. சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் போக மீதி சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும் என்று அவனிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். விடுதலைக்குப் பிறகு மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் கண்காணிப்பு 5 ஆண்டு வரை தொடரலாம். பரிசோதனைக்குப் போகாமல் விட்டால் அதுவே குற்றம். 'ஷிஃப்ட் மாறிவிட்டது' என்ற காரணம் எடுபடாது. நேரம் நிலையாக உள்ள வேலையே நல்லது.

கேள்வி: என் கணவருக்குக் குடிப்பழக்கம். போலிஸ் வழக்கு எதுவும் இல்லை. அவரையும் இப்படி ஓர் இல்லத்தில் சேர்க்க முடியுமா? வீட்டிலேயே பூட்டி வைத்து நிறுத்திவிடலாம் என்கிறார் மாமா.
- வாசகி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: மாமா சொல்வதைச் செய்யாதீர்கள். நாள்தோறும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் முதலில் கை நடுங்கும், வியர்க்கும். ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் பிதற்றலும் இல்லாத உருவம் தெரிவதும் தொடங்கினால் உயிருக்கே ஆபத்து, உடனே 995 எண்ணில் ஆம்புலன்சை அழையுங்கள். முதலில் மருத்துவம், பிறகுதான் தங்குமிடம்.

பலதுறை மருந்தகத்தில் கடிதம் வாங்கிக்கொண்டு மனநலக் கழகத்தில் உள்ள தேசிய போதைப் பழக்க நிர்வாகச் சேவைக்குப் போனால் சலுகைக் கட்டணம் கிடைக்கும். ஆலோசனைக்கு 6732 6837. அதையும் கட்ட முடியாவிட்டால் அங்குள்ள மருத்துவச் சமூக ஊழியரிடம் மெடிஃபண்ட் (கட்ட இயலாதோருக்கான அரசு மருத்துவ உதவி நிதி) பற்றிக் கேளுங்கள். போதைப்பொருள் அடிமை என்றால் மருத்துவர் 7 நாளுக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவித்தாக வேண்டும். குடிக்கு அந்த விதி இல்லை, தயங்க வேண்டாம்.

தாமாக வருவோரைச் சேர்த்துக்கொள்ளும் இல்லங்களில் தி ஹைடிங் பிளேஸ் பழையது, 1978இல் தொடங்கியது. கிறிஸ்துவ முறையில் நடக்கிறது. கணவருக்கு அது ஒத்துவருமா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். அவர் சம்மதிக்காமல் எந்த இல்லமும் பலன் தராது.

கேள்வி: தம்பிக்கு 41 வயது, மணமாகாதவர். இன்னும் மூன்று மாதத்தில் இல்லத்திலிருந்து வெளியே வருகிறார். எங்கள் மூவறை வீட்டில் இடமில்லை. வாடகை வீடு கிடைக்குமா?
- வாசகர், தோ பாயோ

பதில்: இப்போதே தொடங்குங்கள். வெளியே வந்த பிறகு மனுப் போட்டால் காத்திருக்கும் காலத்தில் அவர் நண்பர் வீட்டுச் சோஃபாவில்தான் படுக்க வேண்டியிருக்கும்.

35 வயது நிரம்பிய ஒற்றையர், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கூட்டு ஒற்றையர் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம்; இரு ஒற்றையர் ஒரே வாடகை வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் திட்டம் இது. குடும்ப வருமான வரம்பு மாதம் 1,500 வெள்ளி. உடன்பிறப்பு வீட்டில் தங்க முடியுமா என்றும் விசாரிப்பார்கள். உங்கள் வீட்டில் எத்தனை பேர், எத்தனை அறை என்பதை எழுத்தில் கொடுங்கள். வருமானம் 800 வெள்ளிக்குள் இருந்தால், முதன்முறை வாடகைக்கு எடுப்பவருக்கு ஓரறை வீட்டு வாடகை மாதம் 26 முதல் 33 வெள்ளிதான்.

ஆனால் அறைத் தோழர் யார் என்பதுதான் சிக்கல். அவசரத்தில் இல்லத்து நண்பரையே சேர்த்து விண்ணப்பிக்கிறார்கள். ஒருவர் வழுக்கினால் இருவருக்கும் கூரை ஆட்டம் காண்கிறது. 2021 இறுதியில் தொடங்கிய நடத்துநர் முறையில், தனியாகவே விண்ணப்பிக்கலாம். சமூக அமைப்பு ஒன்று தோழரைப் பொருத்தும், இருவருக்கும் தகராறு வந்தால் பேசித் தீர்க்கவும் ஆள் இருக்கும். உங்கள் தம்பிக்கு இதைத்தான் பரிந்துரைப்போம்.

சாவி கிடைக்கும்வரை இடைவெளி விழுந்தால் அருகிலுள்ள சமூகச் சேவை அலுவலகத்துக்கு அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, விடுதலைக் கடிதத்துடன் போகச் சொல்லுங்கள். காம்கேர் உதவி (குறைந்த வருமானத்தினருக்கான அரசு நிதியுதவி), இடைக்காலத் தங்குமிடம் இரண்டையும் ஒரே நாளில் கேட்டுவிடலாம்.