படம் பார்க்காமல் ஜெர்மன்

அன்புள்ள அக்காவுக்கு,

மதுரையில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன். ஜெர்மன் மொழியில் ஏ1, ஏ2 என்ற முதல் இரண்டு நிலைகளை முடித்துவிட்டேன். அடுத்து எம்.ஏ. ஜெர்மன் சேர ஆசை. என்னோடு படித்த பார்வையற்ற தோழி ஏ1 வகுப்பிலேயே நின்றுவிட்டாள். "புத்தகம் முழுக்கப் படம், உனக்குச் சரிவராது" என்றார்களாம். நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா? என் படிப்பு முடியட்டும் என்கிறார்கள் வீட்டில்.

மாணவி, நாகமலை புதுக்கோட்டை

அன்புள்ள தங்கைக்கு,

இப்போதே தொடங்குங்கள். சொல்லிக்கொடுத்தால் உங்கள் ஜெர்மனும் உறுதிப்படும்.

ஏ1 புத்தகங்களில் படம் அதிகம்தான். ஆனால் அந்தப் படங்களில் இருப்பவை மேசை, பை, சாவி. எல்லாமே வகுப்பறையிலும் உண்டு. டிபன் பாக்ஸை அவளையே மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள்: அவுஃப் டேன் டிஷ். வைத்தபின் அது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்: அவுஃப் டேம் டிஷ். கொண்டுபோய் வைக்கும்போது அக்குசாட்டிவ் வேற்றுமை (டேன்), இருக்கும் இடத்தைச் சொல்லும்போது டாட்டிவ் வேற்றுமை (டேம்). பார்வையுள்ளவர்களும் வெகுநாள் தடுமாறும் இடம் இது. அதனால் அவளைத் தனியாக உட்காரவைக்காதீர்கள். இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு எல்லோரையும் கையால் செய்து பேசவிடுங்கள்.

பிரெய்லுக்கும் அஞ்ச வேண்டாம். ஜெர்மனில் மேலே இரட்டைப் புள்ளி வைத்த ஏ (ä) எழுத்துக்குரிய 3-4-5 பிரெய்ல் புள்ளிகள்தான் தமிழ் பிரெய்லில் ஆ. தமிழ் பிரெய்ல் படித்த விரலுக்கு அது பழகிய வடிவம். கணினித் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருள் இலவசம். அதன் குரலை மட்டும் ஜெர்மனுக்கு மாற்றிவையுங்கள், இல்லாவிட்டால் ஆங்கிலம்போல வாசித்து உச்சரிப்பைக் கெடுத்துவிடும்.

உங்கள் மேற்படிப்புக்கு வருகிறேன். ஹைதராபாத் இஃப்லு, டெல்லி ஜேஎன்யு ஆகிய பல்கலைக்கழகங்களில் எம்.ஏ. ஜெர்மன் உண்டு. இலக்கியம் வாசிக்க ஏ2 போதாது, பி2வரை போய்விடுங்கள். இங்கே ஜெர்மன் என்றாலே நர்ஸ் வேலை, விசா என்றுதான் பேச்சு. அதில் தவறில்லை. ஆனால் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவின் எழுத்துகளையும், கார்ல் கிரவுல் 1856இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வெளியிட்ட குறளின் ஜெர்மன் மொழிபெயர்ப்பையும் இரு மொழியும் தெரிந்து வாசிப்பவர்கள் வேண்டும். நீங்கள் அதற்குத் தகுந்தவர் என்று உங்கள் கடிதம் சொல்கிறது. கற்பித்தல்தான் பிடிக்கும் என்றால், அதே லைப்சிக்கின் ஹெர்டர் நிறுவனத்தில் ஜெர்மனை அயல்மொழியாகக் கற்பிப்பதையே முதுகலையாகப் படிக்கலாம்.

அப்புறம் ஒன்று. கோதே நிறுவனம் நடத்தும் ஜெர்மன் தேர்வில் பார்வையற்றோருக்குத் தனி ஏற்பாடுகள் உண்டு. தோழி தேர்வுக்குப் பதியும்போதே சான்றிதழோடு கேட்டுவிட வேண்டும். அந்த மின்னஞ்சலை அவளே எழுதட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.