போஸ்ட்மேன் ஐயாவுக்குப் பட்டம் வேண்டாம்

அன்புள்ள அண்ணா,

எங்கள் குடியாத்தத்தில் நாற்பது வருடமாக வயதானவர்களுக்காக அலையும் ஓய்வுபெற்ற தபால்காரரை உங்களுக்கும் தெரியும். அவருக்கு 80 முடிகிறது. அக்டோபர் 1, உலக முதியோர் தினத்தன்று பாராட்டு விழா எடுக்கிறோம். ‘முதியோரின் காவல் தெய்வம்’ என்று பட்டம் கொடுத்து, ஒரு மலரும் வெளியிடுகிறோம். அவருடைய தியாகத்தை இளைஞர்களுக்குச் சொல்வதுபோல் நீங்கள் ஒரு வாழ்த்துரை தரவேண்டும்.

— ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள தம்பி,

விழா எடுங்கள், நானும் வருகிறேன். அந்தப் பட்டத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். அவரிடம் சொல்லிவிட்டீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள், சொல்லியிருந்தால் எனக்கு இந்தக் கடிதமே வந்திருக்காது.

அவரை எனக்குத் தெரிந்தது பாட்டி மூலமாக. பாட்டி பீடி சுற்றியவள். முதியோர் உதவித்தொகை அப்போதெல்லாம் மணியார்டரில்தான் வரும் (1962ல் மாதம் 20 ரூபாயில் ஆரம்பித்த பணம், 2023ல் 1200 ஆனது). பணம் வரும் நாள் தெரிந்து என் சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்திருப்பார், கையை நீட்டுவார், இவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு “அம்மா வரட்டும்” என்று நிற்பார், பாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, கைநாட்டு வைத்து, நோட்டை எண்ணி இடுப்பில் செருகும்வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். சித்தப்பாவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அன்று சாயந்திரமே பாதிப் பணத்தைப் பாட்டி சித்தப்பாவிடம் கொடுத்துவிடுவாள், அது வேறு கதை. ஒருநாள் இதை அவரிடமே போட்டுக்கொடுத்தேன். “கொடுக்கட்டுமே, அவங்க கையால கொடுக்கறாங்க இல்ல?” என்றார்.

அவர் முதியோர் இல்லம் நடத்தவில்லை, அன்னதானம் போடவில்லை. வயதானவர்களுக்காக மனு எழுதினார். திருப்பி அனுப்பினால் மறுபடியும் எழுதினார். இதைத் தியாகம், கருணை என்று நீங்கள் எழுதினால் அந்த ஆட்கள் எல்லோரும் பிச்சைக்கு நின்றவர்கள் மாதிரி ஆகிவிடுகிறது. அவர்களுக்குச் சட்டப்படி வரவேண்டியதைத்தான் அவர் கேட்டார், சில சமயம் கத்தியும் கேட்டார். ஒரு அலுவலகத்தில் “உங்களுக்கு என்ன உறவு?” என்று கேட்டபோது, “தபால் உறவு” என்றாராம்.

2007ல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தபிறகு அவருடைய மஞ்சப்பையின் கனம் கூடியது. பிள்ளைகள் பார்க்காவிட்டால் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை, நோட்டீஸ் போன 90 நாளில் முடிக்கவேண்டும், மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லி உத்தரவு போடலாம். எல்லாம் சரி, ஆனால் பெற்ற பிள்ளைமேல் மனுவா, ஊர் என்ன சொல்லும்? முழுக்க எழுதிய மனுவில் கைநாட்டு வைக்காமல் எழுந்து போனவர்கள் நிறைய. அவர் வற்புறுத்த மாட்டார். பைக்குள் வைத்துக்கொள்வார், மகனைத் தெருவில் பார்த்தால் அந்தக் காகிதத்தை லேசாக வெளியே எடுத்துக் காட்டுவார். பல வீடுகளில் அதுவே போதுமாக இருந்திருக்கிறது.

அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்ட பெரிய விஷயம் தான செட்டில்மெண்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக்கொடுக்கும் பத்திரம். நம் பக்கத்தில் தறிக்காரர்கள் இருக்கிற ஒரே வீட்டையும் மகன் பேருக்கு எழுதிவைத்துவிட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். எழுதாதே என்று அவர் சொல்ல மாட்டார். ‘சோறு, மருந்து, இருக்க இடம் கொடுத்துக் கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்று பத்திரத்திலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்வார். அந்த நிபந்தனை இருந்து, மகன் பார்க்காமல் விட்டால், சட்டத்தின் 23ஆம் பிரிவில் பத்திரத்தையே ரத்துசெய்யக் கேட்கலாம். 2022ல் உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்பில் அந்த நிபந்தனை வேண்டும் என்றது. இவர் அதற்கு முன்பிருந்தே பத்திர எழுத்தர்களோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார், அவர்களுக்கும் இவரைக் கண்டால் ஆகாது.

இப்போது அவருடைய சண்டை ரேகையோடு. ஆயுசு முழுக்கப் பீடி சுற்றின விரல், தறி ஓட்டின விரல், அடையாளம் பார்க்கும் மெஷினில் வைத்தால் ரேகை விழுவதில்லை. உயிரோடு எதிரில் நிற்கிற ஆளைப் பார்த்து, நீங்கள்தான் நீங்கள் என்பதற்கு என்ன சான்று என்று கேட்கிறார்கள். முகத்தைக் காட்டியோ கருவிழியைக் காட்டியோ பதிய வழியிருக்கிற இடத்தில் இவர் அதைக் கேட்டு வாங்கித் தருகிறார்.

காவல் தெய்வம் என்றால் நாம் கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம், தம்பி. ஒரு தபால்காரர் செய்தார் என்றால் நாமும் செய்யலாமே என்று யாராவது நாலு பேருக்குத் தோன்றும். என் வாழ்த்துரைக்கு ஒதுக்கிய பக்கத்தில் மனு எழுதும் விதத்தை அவரிடமே கேட்டுப் போடுங்கள். பத்திரத்தில் சேர்க்கவேண்டிய அந்த வரியைப் பெரிய எழுத்தில் போடுங்கள், 14567 என்ற முதியோர் உதவி எண்ணையும். மேடையில் பெரிய மனிதர்களைக் குறைத்துக்கொண்டு, அவர் மனு எழுதிக்கொடுத்த பாட்டிகளில் இரண்டு பேரைப் பேசவிடுங்கள். மண்டபத்தில் படி அதிகம் இல்லாமல், கழிப்பறை பக்கத்திலேயே இருக்கட்டும்.

அப்புறம் தேதி. மாதத்தின் முதல் வாரம் காலையில் அவர் பேங்க் வாசலில்தான் இருப்பார், படியேற முடியாதவர்களுக்கு சலான் எழுதிக்கொண்டு. பொன்னாடையோடு நீங்கள் மண்டபத்தில் காத்திருக்க வேண்டியதுதான். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவையுங்கள்.