கடலோரத் தோப்பில் விளக்குப் போடச் சின்னக் காற்றாடி வாங்கலாமா, சோலாரே போதுமா?

கீழக்கரைப் பக்கம் கடலை ஒட்டிய தென்னந்தோப்பு, கரண்ட் கம்பம் தூரம், நான்கு விளக்கு வேண்டும், கரண்ட் எடுக்கும் 400 வாட் காற்றாடியையும் சோலாரையும் சேர்த்துப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கரையில் சோலார் மாட்டுவதுதான் என் பிழைப்பு. காற்றாடிக்கு ஒதுக்கிய காசை இன்னொரு பேனலிலும் பெரிய பேட்டரியிலும் போடுங்கள் என்பேன்.

அந்த 400 வாட் பெரும்பாலும் நொடிக்கு 12 மீட்டர், அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர் காற்றுக்குச் சொல்லும் கணக்கு. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று 58 கிலோமீட்டரைத் தாண்டினாலே ரயிலை நிறுத்திவிடுவார்கள், யோசித்துப் பாருங்கள். காற்றின் வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒன்றாகிவிடும். 18 கிலோமீட்டர் காற்றில் 30 வாட் வந்தாலே அதிசயம். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் நன்றாகச் சுற்றும்தான், ஆனால் அப்போது வெயிலுக்கும் பஞ்சமில்லையே! வாடைக்காற்றும் மேகமும் சேர்ந்து வரும் கார்த்திகை, மார்கழியில் மட்டும்தான் காற்றாடிக்கு ஒரு நியாயம் உண்டு. அதற்கும் அது மரங்களுக்கு மேலே 30 அடி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மட்டைகளுக்கு நடுவே காற்று சுழன்று சுழன்று அடித்து பேரிங்கைத்தான் தின்னும். தென்னை 50 அடி என்றால் கம்பம் 80 அடி, நான்கு விளக்குக்கு இது தேவையா? பேட்டரி நிறைந்ததும் மிச்ச கரண்டை எரித்துத் தள்ள டம்ப் லோடு உள்ள தனி கன்ட்ரோலரும் வேண்டும், சோலார் கன்ட்ரோலரில் காற்றாடியைச் சொருகக் கூடாது.

சரி, சோலார் கணக்கு. 20 வாட் எல்இடி நான்கு, இரவு 11 மணி வரை முழு வெளிச்சம், அப்புறம் பாதி என்றால் ஒரு ராத்திரிக்கு ஏறக்குறைய 700 வாட்-மணி. 330 வாட் பேனல் இரண்டு, 12.8 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பாஸ்பேட் பேட்டரி இரண்டு போட்டால் மூன்று நாள் வெயிலே இல்லாவிட்டாலும் ஓடும். பேனல் தெற்கு பார்த்து 10 டிகிரி சாய்வு, தென்னை நிழல் விழாத இடமாகப் பாருங்கள், ஒரு மட்டை நிழல் போதும் கரண்டைக் கெடுக்க.

இங்கே உண்மையான எதிரி உப்புதான். சாதாரண போல்ட் சீக்கிரமே துருவேறி ஸ்பேனருக்கே பிடி கொடுக்காது, 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் வாங்குங்கள். கனெக்டர் மூடி சரியாக இறுகாவிட்டால் உள்ளே செம்பு பச்சைக் களிம்பு பிடித்து, பேனல் நல்லா இருந்தும் விளக்கு மங்கும். பலர் பேட்டரியைத்தான் திட்டுவார்கள். கண்ணாடியில் படியும் உப்புப் படலத்தைக் காலை வெயில் ஏறும் முன் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வேண்டாம்.

பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) முட்டையிட ஏறுகிற கரையாக இருந்தால் கடல் பக்கம் வெளிச்சம் போகாமல் விளக்குக்கு மறைப்பு வையுங்கள், இல்லாவிட்டால் குஞ்சுகள் கடலை விட்டுவிட்டு வெளிச்சத்தை நோக்கி வந்துவிடும்.